தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சுகிர்தத்தைச் சின்ன வயதில் அழவைக்க வேண்டுமென்றால் அவளுடைய அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்: உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். இதைக் கேட்டு அழாத கடைக்குட்டி தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள்? அவளும் அழுது, பிறகு சிரித்து, பிறகு மறந்து போனவள்தான். ஆகையால் அந்த மே மாதத்தில் கொல்லிமலையில் பாவாயி என்றொருத்தி வந்து, தன் மகளைத் தவிட்டுக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. சுகிர்தம் சேலத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். ராசிபுரத்து வாத்தியார் ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இடையில் கிடந்த கோடை விடுமுறையில் கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப்பள்ளி நடத்த யார் போகிறீர்கள் என்று சபையில் கேட்டார்கள். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் கையைத் தூக்கிவிட்டாள். முதலில் கையைத் தூக்கிவிட்டுப் பிறகு யோசிப்பது அவளுக்குப் பிறவிக் குணம்.

மலைக்கு அப்போது பஸ் கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி நடந்துதான் ஏற வேண்டும். மேலே வளப்பூர் நாடு என்கிற பகுதியில் கூரை வேய்ந்த ஜெபவீடு ஒன்று, அதை ஒட்டி அவள் தங்க ஓர் அறை, பின்னால் உபதேசியார் மாசிலாமணியின் குடிசை. உபதேசியார் மனைவியை இழந்தவர். கோழி வளர்த்தார். பிள்ளைகளைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார், அவர்கள் கோழியைத் துரத்துவார்கள் என்று.

சுகிர்தம் கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பலகைதான் பிள்ளைகளை இழுத்தது. பலகையில் கம்பளித்துணி போர்த்தியிருக்கும். காகிதத்தில் வெட்டிய படங்களை அதன் மேல் வைத்தால், ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பெரிய மீன் ஒன்று துணியில் நீந்துகிறது என்ற சேதி அக்கம்பக்கத்துக் குடிசைகளுக்கெல்லாம் போய், பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். கண்ணாயி மட்டும் வேலிக்கு வெளியே நின்றாள். ஆறேழு வயது இருக்கும். ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே பலகையைப் பார்ப்பாள். உள்ளே வா என்றால் ஓடிவிடுவாள். ஏன் என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்தக் கண்ணாயியின் தாய்தான் பாவாயி. ஒரு நாள் காலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். இவளுக்கு முன்னால் பெற்றதெல்லாம் போய்விட்டது. ஒவ்வொன்றும் முதல் பால்பல் ஆடுகிற வயதில் போனது. மஞ்சு என்கிற மூடுபனி இறங்குகிற நேரத்தில் அது வாசலுக்கு வந்து, இது யார் பிள்ளை என்று கேட்கும். என் பிள்ளை என்று தாய் சொல்லிவிட்டால் அன்று மாலையே காய்ச்சல் கண்டுவிடும். அது என்றால் எது என்று சுகிர்தம் கேட்டாள். பாவாயி அதற்குப் பெயர் சொல்லவில்லை.

பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் தப்பலாமாம். விற்றபின் யார் பிள்ளை என்று கேட்டால், பெற்றவள் என் பிள்ளை இல்லை என்பாள். வாங்கியவள் என் பிள்ளை என்பாள். பெற்றவளைத் தேடி வந்தது குழம்பிப் போய்விடும். ஆனால் அது பிறகு, வாங்கியவள் வாசலுக்கு வருமோ என்று பயந்து ஊரில் ஒருத்தியும் வாங்கச் சம்மதிக்கவில்லை. டீச்சர் கீழே இருந்து வந்தவள், கீழேயே போய்விடுவாள். வாங்கிக்கொண்டால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் டீச்சரோடேயே இருக்கட்டும் என்றாள் பாவாயி.

சுகிர்தம் போட்ட கணக்கு லேசானது. ஒரு கை தவிடு கொடுத்தால் வேலிக்கு வெளியே நிற்கிற பிள்ளை உள்ளே வந்து உட்காரும். உபதேசியார் கேட்டுவிட்டுத் துள்ளினார், இது அஞ்ஞானிகள் சடங்கு, ஜெபவீட்டு வாசலில் நடக்கலாமா என்று. அவள் சிரித்துச் சமாளித்து, அவருடைய கோழிக்கு வைத்திருந்த சாமைத் தவிட்டிலேயே கொஞ்சம் முறத்தில் அள்ளி வந்தாள். கண்ணாயியை முறத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தவிட்டை மடியில் வாங்கிக்கொண்ட பாவாயி எழுந்தாள்.

"இனி எம் புள்ள இல்லீங்க. ஆரு கேட்டாலும் உங்க புள்ளைன்னு சொல்லோணும் டீச்சரு."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள், அதன்பின் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீருக்குப் போகும்போதும் விறகோடு வரும்போதும் வேலியோரமாகத்தான் போவாள். கண்ணாயி ஓடிப்போய் நிற்பாள். பாவாயியின் கண் அவள் மேல் பட்டு, கல்லின் மேல் பட்டதைப் போல நகர்ந்துவிடும். விளையாட்டு என்று தொடங்கிய சுகிர்தத்துக்கு இது பிடிக்கவே இல்லை. பெற்ற வயிறு இப்படி நடிக்குமா என்று மனசுக்குள் திட்டினாள். இரவில் பிள்ளை அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

மலையில் மே மாதத்து மத்தியானத்தை நம்ப முடியாது. வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறிவரும். முதலில் பலாமரம் காணாமல் போகும், பிறகு வேலி. அப்படி ஒரு மத்தியானம். பாடம் பொய் சொல்லாதே என்பது. பொய் சொன்ன பையன் ஒருவனைத் துணிப்பலகையில் ஒட்டி, கதை சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி நெஞ்சில் கை வைத்து, இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்ல வைத்திருந்தாள். கண்ணாயியும் ஆடுகிற பல்லோடு சொன்னாள். அதன்பின் பாட்டுத் தொடங்கினார்கள்.

பாட்டு நடுவிலேயே நின்றுபோயிற்று. ஒருவர் இருவராக அல்ல, எல்லாத் தொண்டையும் ஒன்றாக. பலகையிலிருந்து திரும்பிய சுகிர்தம், பிள்ளைகள் அத்தனை பேரும் பின்சுவரைப் பார்த்து நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டாள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கண்ணாயி மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். பாவாயி வயதுதான் இருக்கும். மலைக்காரப் பெண்கள் கட்டுகிற மாதிரி தோளில் முடிச்சிட்ட புடவை, படிய வாரிய தலை. எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. கண்ணை எடுத்த மறுகணம் மூக்கு எப்படி, வாய் எப்படி என்று ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. அவளோடு சேர்ந்து மஞ்சு உள்ளே வந்து தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரவியது.

"ஏனுங்க டீச்சரு, இது ஆரு புள்ளைங்க?" அவள் கண்ணாயியைக் காட்டி மரியாதையாகத்தான் கேட்டாள்.

சொந்தக்காரி யாரோ என்றுதான் சுகிர்தம் நினைத்தாள். தவிடு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இப்போதுதான் அத்தனை பிள்ளைகளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எல்லாக் காதும் திறந்திருக்கிறது. இவர்கள் முன்னால், ஒரு மூடநம்பிக்கைக்காக, பாடம் சொன்ன வாயாலேயே பொய் சொல்வதா? அவளுக்குத் தன் நேர்மையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பாவாயி புள்ளைங்க," என்றாள்.

வந்தவளின் முகம் மலர்ந்தது. தொலைந்த மாடு கிடைத்துவிட்டால் வருமே, அப்படி ஒரு நிம்மதி. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பாவாயி வீட்டுப் பக்கமாகத்தான் போனாள். கண்ணாயி வாயைத் திறந்து எதையோ உள்ளங்கையில் துப்பி நீட்டினாள். அந்தப் பல்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. கீழேயிருந்து கொண்டுவந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தும் அடங்கவில்லை. உபதேசியார் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். சுகிர்தமும் ஜெபித்தாள். ஆனால் கண்ணை மூடியதும் அந்த வாசலும், ஞாபகத்தில் நிற்காத அந்த முகமும்தான் வந்தன.

விடிந்ததும் பாவாயி வந்தாள். வேலிக்கு உள்ளே வரவில்லை. இவள் மேல் கோபப்பட்டிருந்தாலாவது சுகிர்தத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சத்தமே போடவில்லை.

"எனக்குப் புள்ளையே இல்லைன்னுதான் சொன்னேனுங்க. திரும்பத் திரும்பக் கேட்டுது. கடசியில, டீச்சரு சொன்னாங்களே, அவங்க பொய் சொல்ல மாட்டாங்களேன்னுது."

சுகிர்தம் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, இன்று வந்தால் என் பிள்ளை என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். பாவாயி தலையசைத்து மறுத்தாள்.

"வாயில சொன்னாப் பத்தாதுங்க. அதுக்குத் தெரிஞ்சுபோயிரும். நெசமாவே உங்க புள்ளையா ஆயிரோணும். நீங்க கூட்டிக்கிட்டுக் கீழ போயிரோணும். எனக்குன்னு ஒண்ணு இருந்துதுங்கறதே இல்லைன்னு ஆயிரோணும்."

கல்யாணம் நிச்சயமான பெண் இடுப்பில் பிள்ளையோடு மலையிலிருந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று சுகிர்தத்துக்குத் தெரியாதா? ராசிபுரத்து வீட்டார் வாசற்படி ஏறவிட மாட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். தவிட்டுக்கு வாங்கினேன் என்றால் எவன் நம்புவான்? அன்று காலை முழுக்க, செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை விடத் தன்னைப் பற்றித்தான் அவள் அதிகம் பயந்தாள். பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எவள் பெற்ற பிள்ளையோ, நான் ஏன் சுமக்க வேண்டும் என்றுகூட ஒரு தரம் நினைத்தாள்.

பாயை விட்டு எழப் பார்த்தபோது பிள்ளையின் கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. காய்ச்சல் வேகத்தில் அம்மா என்றது. எந்த அம்மாவைச் சொன்னதோ. சுகிர்தம் அந்த விரல்களைப் பிரித்து எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. பலமாக இழுத்திருந்தால் முடிந்திருக்கும். அவள் இழுக்கவில்லை. அவ்வளவுதான், அவளுடைய முடிவு அப்படித்தான் ஆயிற்று.

மத்தியானம் பிள்ளைகள் வழக்கம்போல வந்தார்கள். உபதேசியார், அப்படி எதுவும் வரட்டும் பார்க்கிறேன் என்று நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். பலாமரம் மறைந்தது. வேலி மறைந்தது. பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. சுகிர்தம் பார்த்தபோது மாசிலாமணி உபதேசியாரும் பிள்ளைகளுக்கு நடுவே சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் கண்ணாயியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்தப் பெண் படியில் நின்று, பிள்ளைக்காக இரண்டு கையையும் முன்னமே நீட்டியிருந்தாள்.

"ஏனுங்க டீச்சரு, இது ஆரு புள்ளைங்க?"

"என் புள்ள."

"நேத்து வேற சொன்னீங்களே."

"நேத்துச் சொன்னது பொய்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் சுகிர்தத்தின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தாள். அந்தப் பார்வை கண்வழியாக உள்ளே இறங்கி, ராசிபுரத்தையும் ஆவணியையும் அம்மாவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, பின்னால் வேறு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று தேடியது. சுகிர்தத்திடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"உங்க ஊடு எங்கீங்க?" என்று கேட்டாள் வந்தவள்.

சுகிர்தம் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வந்தவள் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, சரிங்க, வாரேன் என்று சொல்லி மஞ்சுக்குள் இறங்கிப் போனாள். இரவு பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டது. மறுநாள் கஞ்சி கேட்டது.

வேதப்பள்ளியை முடித்து வைக்காமலேயே சுகிர்தம் கிளம்பினாள். துணிப்பலகையை உபதேசியாரிடம் விட்டுவிட்டாள். அவர் வழிக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டுக் கோழிகளிடம் போய்விட்டார். இறங்குகிற தடம் பாவாயியின் மரவள்ளிக் காட்டை ஒட்டித்தான் போகிறது. வேறு தடம் இருந்தால் சுகிர்தம் அதில் போயிருப்பாள்.

பாவாயி குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக அடித்தது. இடுப்பிலிருந்த கண்ணாயி அவளைப் பார்த்துவிட்டாள். பல் போன வாயைத் திறந்து, காடே கேட்கும்படி அம்மா என்று கூப்பிட்டாள்.

களைக்கொத்து நின்றது. பாவாயி நிமிரவில்லை, திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு தரம் குலுங்கியது. மறுபடியும் அம்மா என்றது பிள்ளை.

"ஏனுங்க டீச்சரு," என்றாள் பாவாயி, மண்ணைப் பார்த்தபடியே. "உங்க புள்ள உங்களக் கூப்புடுதுங்க."

களைக்கொத்து மறுபடி மண்ணில் இறங்கியது.

"என்ன கண்ணு," என்றாள் சுகிர்தம். நிற்காமல் நடந்தாள்.