பன்னிரண்டு மாதங்கள் மீதான விசாரணை

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன் முப்பத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தார். அதில் பாதிக்குமேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. திருடனை ஓடிப் பிடித்தவர் இல்லை. மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பற்றி உட்கார்ந்து எழுதியவர். ஓய்வுபெற்று ராஜபாளையம் வீட்டோடு வந்தபின் எழுத ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மாதங்களையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்.

எங்கள் ஒரே மகள் கார்த்திகா பின்லாந்தில் வேலை பார்க்கிறாள். போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை பத்து நாள் லீவில் வந்தாள். அந்தப் பத்து நாளில் இவர் மூன்று மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்தார். அதன்பிறகு அவள் இந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. சரி, நாமாவது போய்ப் பார்ப்போம் என்றேன். நல்ல சீசனாகப் பார்த்துப் போவோம் என்று சொல்லி, அன்றே ஒரு கோப்புக்குள் வெள்ளைத்தாள்களைக் கோத்துவிட்டார்.

முதலில் ஜனவரி. சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த பென்சன் என்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பக்கக் குளிரில் மீசையில் ஐஸ் பிடிக்கும் என்று எழுதி வாங்கினார். இவருக்கு மீசையைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஜனவரியோடு சேர்த்து பிப்ரவரியும் ஒழிந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பனி உருகி ஒரே சகதியாம். மே மாதம் வத்திராயிருப்பு தோப்பில் மாங்காய் இறக்குகிற சமயம். தோப்பைக் குத்தகைக்கு விட்டு ஆறு வருடமாகிறது. இவர் போய் ஒரு மாங்காயைக்கூடத் தொட்டதில்லை.

ஜூனில் அங்கே பொழுதே சாயாதாம். பிறகு எந்த நேரத்துக்கு விளக்கேற்றுவது என்று என்னையே கேட்டார். இந்த வீட்டில் நான் விளக்கேற்றுகிற நேரத்தில் இவர் கண் டிவியை விட்டு நகர்ந்ததில்லை. ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் கிளம்பக்கூடாது, போதாக்குறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் வேறு. தேர்வடத்தை இவர் தொட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆகஸ்டில் கொசு. ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு அடுத்த நாட்டுக் கொசுவுக்குப் பயந்த மனுஷன் இவர் ஒருத்தர்தான். செப்டம்பரில் மரமெல்லாம் சிவந்து அழகாக இருக்கும் என்று படத்தோடு காட்டினேன். புரட்டாசி, கவிச்சி ஆகாது, அங்கே மீனைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று முடித்துவிட்டார். நவம்பரும் டிசம்பரும் ஒரே இருட்டு என்று விசாரிக்காமலே தள்ளிவிட்டார்.

கார்த்திகா விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இரண்டு முறை அனுப்பினாள். இரண்டு முறையும் சீசன் சரியில்லை. மூன்றாவது முறை அவள் அனுப்பவில்லை. போனில் வரச்சொல்லிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னும் ஒரு வருடம் போனால் அதுவும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

போன வாரம் இவர் மிச்சமிருந்த அக்டோபரை விசாரிக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். நானும் கூடவே பஸ் ஏறினேன். அங்கே அக்சா என்று ஒரு பெண், பின்லாந்திலேயே இரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். அவள் கொடுத்த காப்பியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இவர் பேனாவைத் திறந்தார். மழை எத்தனை நாள், காற்று எந்தத் திசை, வழுக்கி விழுந்தவர்கள் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அக்சாவும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கார்த்திகா எப்ப வரச் சொல்லுதா அங்கிள்?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார் இவர். "சொந்தக்காரங்க சாட்சி எடுபடாதும்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கப்பல்காரன் வாய் எடுபடும், பெற்ற பிள்ளை வாய் எடுபடாது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கார்த்திகாவைக் கூப்பிட்டேன். அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டது. எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். காலடிச் சத்தம் நின்றது.

"நவம்பர்ல வாம்மா."

நவம்பர்தான் இருப்பதிலேயே மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றேன்.

"ஆமா. பனியும் விழாது, வெயிலும் வராது. மூணு மணிக்கே இருட்டிரும். மத்த மாசமெல்லாம் நான் எப்படியும் சமாளிச்சிருவேம்மா. அந்த ஒரு மாசந்தான் ஒத்தையில கெடக்க முடியல. மூணு வருசமா அந்த மாசம் வந்தாலே பயமா இருக்கு."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இவரை மூன்று வருடமாகக் கரித்துக்கொட்டிய நானும் எந்த மாதம் வரட்டும் என்று அவளிடம் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. சிவந்த மரத்தைப் படத்தில் பார்த்து மயங்கியவள்தானே நான். இவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தை இன்றைக்கே அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இவர் அக்டோபர் கடைசி வாரத்துக்கு வந்திருந்தார். நான் நவம்பரில் போகிறேன் என்றேன். இவர் பேனாவை மூடாமலே சிரித்தார்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அந்த மாசத்துல அங்க பாக்க என்ன இருக்கு?"

"கார்த்திகா இருக்கா."

அக்சா எழுந்து உள்ளறைக்குப் போய், தான் அங்கே போட்டிருந்த கனத்த கோட்டைக் கொண்டுவந்தாள். என்னை எழுந்து நிற்கச் சொல்லித் தோளில் வைத்து அளவு பார்த்தாள். கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, "இது ஒண்ணுதான் இருக்கு அங்கிள்" என்றாள்.