தாய்மாமன் சீரும் தேதி முடிந்த லைசென்ஸும்

குட்டியானை லோடு வண்டி ஓட்டுவதில் மணிமொழிக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே. அவளுடைய அம்மா அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கினாள். மகள் அதே வெங்காயத்தைச் சொந்த வண்டியில் ஏற்றிப் பெரம்பலூர் மண்டிக்குக் கொண்டுபோகிறாள். கர்வப்படாமல் வேறென்ன செய்வாள்?

அன்று வண்டியில் வெங்காயமில்லை. ஜெயங்கொண்டத்தில் அவள் கணவன் ராசாங்கத்தின் தங்கை குஞ்சம்மாள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக ஏறியிருந்தது. "பொம்பள ஓட்டுற வண்டியிலயா சீரு வரப்போவுது?" என்று ராசாங்கத்தின் பெரியப்பா மகன் ராஜதுரை போனிலேயே நக்கலடித்திருந்தார். "பந்தல் வாசல்ல நான்தான் கொண்டாந்து நிறுத்துவேன், பாருங்க" என்று மணிமொழியும் சவால் விட்டிருந்தாள்.

குரும்பலூரிலிருந்து ஓட்டிவந்தவள், அரியலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினாள். அவளும் கூட வந்த ராசாங்கமும் கிளாஸும் கையுமாக நிற்கையில் ரோந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் கேட்டார். ஆளுக்கொன்றை நீட்டினார்கள்.

மணிமொழியின் லைசென்ஸில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்திருந்தன. சாமிக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? அவளும் துடைக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நகத்தால் சுரண்டினார். அடியில் இருந்த தேதி முடிந்து ஆறு மாதமாகியிருந்தது.

மணிமொழி எட்டித் தேதியை இன்னொருமுறை பார்த்தாள். அடுத்த வருஷம்தான் முடியும் என்று நினைத்து, லோடும் கையுமாக இத்தனை நாள் ரோட்டில் ஓட்டியிருக்கிறாள். யார்மேலாவது மோதியிருந்தால் என்ன கதி?

"வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றான் ராசாங்கம், கண் இமைக்காமல். அவன் லைசென்ஸ் ஒழுங்காக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டரும் நம்பிவிட்டார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். ஆனால் இவ்வளவு தூரம் ஓட்டி வந்தது அவளல்லவா? அதைப் புருஷன் பேரில் எழுதிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லங்க சார். நான்தான் ஓட்டியாந்தேன்."

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அபராதம் போட்டார். "புதுப்பிக்கிற வரைக்கும் ஸ்டீயரிங்கத் தொடக்கூடாதும்மா" என்றார். மீதித் தூரத்தை ராசாங்கம்தான் ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து வருவது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது.

பந்தல் வாசலில் நின்ற ராஜதுரை, அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மணிமொழி, பாதியிலயே கை உதறிருச்சா?"

கூட்டம் சிரித்தது. மணிமொழி பர்ஸைத் திறந்து சலானை எடுத்து நீட்டினாள்.

"தேதி முடிஞ்சது பாக்காம ஓட்டுனது என் தப்புதான் மாமா. அபராதம் கட்டிட்டேன். ஆனா ஓட்டுனது யாருன்னு இதுல போட்டிருக்கு, அத மட்டும் கொஞ்சம் சத்தமா படிங்க."

ராஜதுரை கண்ணாடியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார். அதற்குள் குஞ்சம்மாள் அதைப் பிடுங்கி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்: "ஓட்டுநர், ரா. மணிமொழி."