தங்கை அறைச் சுவிட்ச்

கானாவின் குமாசி நகரில், குடும்ப வீட்டு முன்னறையில் கொனாடு நடத்திய உறைமீன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான் ஆயுள். இரண்டு மாதத்தில் மூன்று முறை, அவள் வெளியூர் துக்கத்துக்குப் போன சனிக்கிழமையாகப் பார்த்து, வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்து ஃப்ரீசர் மீனெல்லாம் அழுகிவிட்டது.

"உன் ஃப்ரீசர்தான் வீட்டைக் கொளுத்தப் போகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பழுது எங்கன்னு காட்டு, இல்லைன்னா முன்னறையைக் காலி பண்ணு" என்று குடும்பத் தலைவர் ட்வுமாசி சொல்லிவிட்டார். தாய்வழிக் குடும்பத்தின் பொது வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

தங்கை அஃப்ரியேதான் ஆறுதல். "எத்தனை தடவை மெயினைத் தூக்கிவிட்டேன், நிக்கவே இல்லக்கா" என்று கூடவே அழுதாள். அழுகிய மீனைக் கூடவே அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் போவாடு வந்தார். மெயினை அணைத்து, அதன் குறுக்கே ஒரு குண்டு பல்பை மாட்டினார். "ஷார்ட் இருந்தா இது முழுசா எரியும். இல்லைன்னா மங்கும்."

சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு அணைத்தார். ஃப்ரீசரைப் போட்டார். பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. கொனாடுவுக்கு உயிர் வந்தது.

"என் ரூம் வேணாம் மாஸ்டர். அங்க லைட்டே எரியாது, பல்பு போச்சு" என்றாள் அஃப்ரியே.

"அவ ரூமை விடுங்க மாஸ்டர்" என்றாள் கொனாடுவும்.

"எரியாத லைட்டைத்தான்மா முதல்ல பாக்கணும்."

உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டினார். வெளியே மெயினில் மாட்டிய பல்பு பளிச்சென்று எரிந்தது. அணைத்துவிட்டு நாற்காலிமேல் ஏறிக் கூரை பல்பைக் கழற்றினார். ஹோல்டரிலிருந்து விளிம்பு கருகிய ஒரு நாணயம் தரையில் விழுந்தது. இரண்டு முனையையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. சுவிட்சைப் போட்டால் வீடே இருட்டு, அணைத்தால் பழுதே இல்லை.

"எலி வயரைக் கடிக்கும், நாணயம் வைக்காது" என்றார் போவாடு.

கொனாடு தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். மீன் போனது போகட்டும். இவள் தோளிலா சாய்ந்து அழுதோம்!

"முன்னறையை எனக்குக் குடுன்னு எத்தனை தடவை கேட்டேன்! சிரிச்சியே" என்று வெடித்தாள் அஃப்ரியே. உடனே குரல் இறங்கியது. "பெரியவர்கிட்ட சொல்லிடாதக்கா. நான் உன் தங்கச்சியில்லையா?"

"ஆமாடி. அந்த ரூம்ல வேற எவளாவது இருந்திருந்தா, முதல் தடவை மீன் அழுகினப்பவே அவ ரூமைத் திறந்து பாத்திருப்பேன்."

கொனாடு குனிந்து நாணயத்தை எடுத்தாள்.

"வாங்க மாஸ்டர். பெரியவர் வீட்டுல இருப்பார்."