வெர்னாவின் மான் பாத்தி

கையை இறுக்கி மூடியிருந்ததால் ரை தானிய விதை விசிறி விழாமல் கொத்துக் கொத்தாக விழுந்தது. டுவேன் குனிந்து விரலால் கலைத்துவிட்டான். மண் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. பைன் மரங்களுக்கு நடுவே, ஒரு லாரி நிற்கிற அளவுக்குத்தான் அந்த வெட்டவெளி. வெறும் மணல், அதுவும் அமிலம் ஏறிய மணல். பெரணியைத் தவிர வேறெதுவும் அதில் பிழைத்ததில்லை. டிராக்டர் நுழைய வழி கிடையாது. பனி உருகியதும் அவன் மனைவி வெர்னாதான் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் போட்டு வந்து கையாலேயே தூவினாள். தூவும்போதே இருமினாள். சுண்ணாம்புத் தூசி என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மான்களை மேய வரவழைத்துச் சுடத்தான் இந்தப் பாத்தி. வேட்டைக்காரி அவள்தான். டுவேனுக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது. நவம்பரில் அவள் மானோடு வருவாள். அவன் துண்டு போட்டு ஃப்ரீசரில் அடுக்குவான். அவர்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

காலையில் அவள்தான் அவனை விரட்டினாள்.

"சாயங்காலம் மழை வருது. இன்னைக்கே விதைச்சிடு."

"இப்ப அதுக்கு என்ன அவசரம்?"

"நீ கட்டில் பக்கத்துல நின்னு என் மூச்சையே எண்ணிட்டிருந்தா எனக்கு மூச்சு முட்டுது. போ."

உதவிக்கு வந்திருந்த அவள் அக்கா மார்லிஸ் சிரித்துவிட்டாள். டுவேனும் சிரித்தான். விதை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. லேசானதே அவனுக்குப் பயமாக இருந்தது.

நேற்றிலிருந்து அவள் மூச்சில் இடைவெளி விழுந்துகொண்டிருந்தது. இழுப்பாள், விடுவாள், அப்புறம் ஒன்றும் இருக்காது. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். டுவேனும் மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்பான். பிறகு எங்கிருந்தோ அது திரும்பி வரும். வந்து பார்த்த நர்ஸ், "இனிமே இப்படித்தான். இடைவெளி நீளமாகும்" என்றாள். எவ்வளவு நீளமாகும் என்று அவன் கேட்கவில்லை.

விதை தீர்ந்தது. ஆழமாகப் புதைத்தால் முளைக்காது என்று வெர்னா சொல்லியிருந்தாள். இரும்புப் பல் ரேக்கை மேலாக இழுத்து மண்ணை மூடினான். பூட்ஸ் காலால் மிதித்து அமுக்கினான். அதோடு வேலை முடிந்தது. ஆனால் அவன் முதல் மூலைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் ரேக்கை இழுத்தான். மூடிய விதை மேலே வந்தது. மறுபடி மூடி, மறுபடி மிதித்தான். மரங்களுக்கிடையில் வீட்டின் பின்கதவு தெரியும். அந்தப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. இங்கே மண்ணை இழுத்துக்கொண்டிருக்கும்வரை அங்கே எதுவும் நடக்காது என்று பட்டது.

பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மார்லிஸ் வீட்டுச் செருப்போடு பெரணிக்குள் நடந்து வந்தாள். முகத்தைப் பார்க்கத் துணியாமல் அந்தச் செருப்பையே பார்த்தான்.

"போயிட்டாளா?"

"இல்ல. உன்னைத்தான் கேக்கறா."

"இதோ வரேன். ஒரு மூலை பாக்கி இருக்கு."

மார்லிஸ் பாத்தியைப் பார்த்தாள். எந்த மூலையும் பாக்கியில்லை.

"டுவேன், தனியா உக்கார எனக்கு முடியல. மூச்சு நிக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்கு ஓடிடறேன். கூடப்பிறந்தவ, நானே ஓடறேன்."

அவன் ரேக்கை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அவள் பின்னால் நடந்தான்.

வெர்னாவின் கண்கள் பாதி திறந்திருந்தன.

"விதை எப்படி விழுந்துச்சு?"

"கொத்துக் கொத்தா."

"அப்ப மானெல்லாம்... ஒரே எடத்துல... பந்தி உக்காரணும்."

"உக்காரட்டும். சுடறதுக்கு உனக்கு வசதி."

அவள் உதட்டோரம் அசைந்தது. கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"பயமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஆமா" என்று வந்தது.

"எனக்கும்," என்றாள். "உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மழை வந்தது. தகரக் கூரையில் அடித்த அடியில் வேறெதுவும் காதில் விழவில்லை. அவள் மூச்சும் கேட்கவில்லை. அவன் எழுந்து, நகத்தில் மண்ணோடு இருந்த கையை அவள் மார்பில் வைத்தான். கை மேலே போனது, கீழே வந்தது. மேலே போனது. கீழே வந்தது.

அப்புறம் கை அசையவில்லை.

அவன் காத்திருந்தான். அவனுடைய மூச்சு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மார்லிஸ் கட்டிலின் மறுபக்கம் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இந்த முறை அவள் ஓடவில்லை.

"நர்ஸுக்கு போன் பண்ணவா?" என்று வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

"பண்ணலாம்."

இருவரும் அசையவில்லை.

காற்று திசை மாறியது. சாரல் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் அடித்தது. டுவேன் ஜன்னலைச் சாத்தினான். நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து, வெர்னாவின் கன்னத்தில் விழுந்திருந்த மழைத்துளிகளை ஒற்றினான். தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக.