கழற்றாத மோதிரம்

திங்கட்கிழமை முதல் அவளுக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை. நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இடம். மோதிரக் கையோடு மட்டும் வந்துவிடாதே, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று ஹெட் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அது கணவனின் கொள்ளுப்பாட்டி போட்டிருந்த மோதிரம். புருஷன் மேல் இருந்த ஆசையில் சாகும்வரை கழற்றவே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோகும் குடும்பம். கல்யாணத்தன்று கணவன் அதை அழுத்தி மாட்டிவிட்டான். விரல் மூட்டைத் தாண்டியது திரும்பி வரவில்லை.

ஞாயிறு காலை சமையலறையில் உட்கார்ந்து சோப்பு தடவினாள். விரலில் நூல் சுற்றி இழுத்தாள். எத்தனையோ பேருக்குச் செய்த கை வைத்தியம்தான், அவளுக்குப் பலிக்கவில்லை. நுரை வழிந்த இடத்தில், உள்ளங்கைப் பக்கம், தங்கத்தின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. வெட்டி ஒட்டிய கோடு. வீங்கிய விரல்களிலிருந்து இப்படித்தான் வெட்டி எடுப்பார்கள்.

சாகும்வரை கழற்றவில்லை என்றால் இதை வெட்டியது யார் என்று மாமியாரைக் கேட்டாள்.

மாமியார் வெங்காயத்திலிருந்து தலை தூக்கவில்லை. கொள்ளுப்பாட்டி மில்லுக்குப் போனவளாம். புருஷனுக்குப் பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தான், அடித்துப் பார்த்தான். மோதிரம் போட்டவளை மெஷின் பக்கம் விடமாட்டார்கள் என்று யாரோ அவன் காதில் போட்டார்கள். ஒரு சைஸ் சின்னதாகச் செய்து, எண்ணெய் தடவி மாட்டிவிட்டான். தெருவே அவனை மெச்சியது. அவள் அதன்மேல் துணி சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். துணியை மெஷின் பிடித்தது. துணியோடு கையும் உள்ளே போய் நசுங்கியது. வீக்கத்தில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தப் புண்ணிலேயே செத்தாள்.

"இதையா அத்தை எனக்குப் போட்டீங்க?"

"நகை என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவசரப் பிரிவில் கூட வேலை செய்பவள் கேலி பேசிக்கொண்டே வெட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மோதிரத்தைக் கணவன் முன் வைத்தாள். விரலில் சிவந்த பள்ளம்.

"என் விரல் அளவு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு சைஸ் கம்மியாத்தான் வைக்கச் சொன்னேன்."

அவன் கோபப்படவில்லை. வெட்டிய முனைகளை விரலால் நெருக்கிச் சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒட்டுனா இன்னும் கொஞ்சம் சின்னதாகும். ஆசாரி ராத்திரிக்குள்ள ஒட்டித் தந்துடுவான்."

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.