ஓடும் எழுத்தில் ஒரு வரி

காலை பத்தே முக்கால் வரை ஊசிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். மெழுகில் பதித்த பல் வரிசையை ஒருமுறை பார்த்தாலே எது மயிரிழை கோணல் என்று சொல்லிவிடுவாள். ஊசி என்பது பதினேழு வயதில் அவளே வைத்துக்கொண்ட பட்டப்பெயர். மகளிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்த மகள்தான் பத்தே முக்காலுக்கு ஒரு லிங்க் அனுப்பினாள்.

"அம்மா, இது நீ பண்ணதா? ஊசின்னு பேர் போட்டிருக்கு. பிரவுசர்லயே ஓடுது."

அவளுக்குப் பதினேழு வயதானபோது, டிவியில் மாட்டி ஓட்டும் வீட்டுக் கணினிகள் இருந்த காலம். சின்னஞ்சிறு குழுக்களாகச் சேர்ந்த பிள்ளைகள், அந்த மெஷினிலிருந்து என்னென்ன வித்தை கறக்க முடியும் என்று காட்டுவதற்கென்றே 'டெமோ' செய்வார்கள். நாலைந்து நிமிஷம் வண்ணம் சுழலும், இசை வரும், அடியில் எழுத்து வரிசையாக ஓடும். அதை டிஸ்க்கில் போட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். ஊசியின் குழுவில் இரண்டே பேர். நிரல் அவளுடையது, இசை அவளுடைய அத்தை மகனுடையது. அவன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல இருக்கும் என்பதால் தகரம் என்று பெயர்.

அந்தக் கணினிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. இப்போது ஒரு இணையதளம், பழைய மெஷின் மாதிரியே நடிக்கும் எமுலேட்டரை பிரவுசருக்குள் வைத்து, அந்த டெமோக்களை ஒரே கிளிக்கில் ஓடவிடுகிறது.

ஊசி கிளிக் செய்தாள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை தட்டியதும் இசை பிடித்துக்கொண்டது. அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது: முதலில் வணக்கம், பிறகு மற்றக் குழுக்களுக்கு நன்றி. மூன்றாவது நிமிஷத்தில் என்ன வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தாண்டிப் போக வழியில்லை. அப்படி எழுதியவளும் அவள்தான். ரப்பர் கிண்ணத்தில் குழைத்த பிளாஸ்டர் இறுகிக் கல்லாவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது. "இந்த இசை தகரத்தின் சொந்தச் சரக்கு அல்ல. திருடியது. அவன் இனி எங்கள் குழுவில் இல்லை."

ஒரு போட்டி அரங்கில் யாரோ ஒருவன் சொன்னான், இதே மெட்டு வேறொரு குழுவின் டிஸ்க்கில் இருக்கிறது என்று. பத்தொன்பது வயதுச் சூடு. தகரத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரியைச் சேர்த்து, நாற்பது டிஸ்க் நகல் எடுத்து அனுப்பிவிட்டாள். அதோடு அவன் இசைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த வருஷம் உண்மை தெரிந்தது: அந்தக் குழுதான் தகரத்திடமிருந்து சுட்டிருக்கிறது. ஊசி வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மறைத்தது இப்போது மகளின் போனில் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், ஒரு கடைவாய்ப்பல்லை இடம் மாற்றிப் பதித்து மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினாள். இதை எடுத்துவிடுங்கள் என்று தளத்தை நடத்தும் பெண்மணிக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. "இதை அனுப்பியவரும் உங்கள் குழுக்காரர்தான், தகரம். அவர் சரி என்றால் எடுத்துவிடுகிறேன்."

தகரம் இப்போது லிஃப்ட் மெக்கானிக். எங்கே வேலை என்று அத்தைக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் போனாள். பெரிய கட்டடத்தின் கீழ்த்தளம். லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அவன் அடியில் இருந்த பள்ளத்துக்குள் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தான். அவன் கண் மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த அவள் செருப்புதான் தெரிந்தது.

"இந்தக் கால் ஆட்டம் ஊசியோடதாச்சே," என்றான், நிமிராமலே.

"அதை எடுக்கச் சொல்லலாம்னு வந்தேன். நீ சரின்னு சொன்னா அந்தம்மா எடுத்துருவாங்க."

"எதுக்கு எடுக்கணும்?"

"அந்த வரி இருக்கே."

"முப்பத்தொரு வருஷமா இருக்கு. இப்பதான் உனக்குக் கண்ணு உறுத்துதா?"

"நீ ஏன் அனுப்புன?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். "அதுல என் பாட்டு இருக்கு. மத்த டிஸ்க்கெல்லாம் அன்னைக்கே ஒடச்சுப் போட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். நான் பாட்டுப் போட்டேன்னு சொன்னா வீட்டுக்காரி நம்பவே மாட்டா. அதான் தளத்துக்கு அனுப்பி, அதுல போட்டுக் காட்டுனேன். அந்த வரி வரும்போது மட்டும் ஸ்க்ரீன்ல கைய வச்சு மறைச்சேன்."

அந்தக் கையை ஊசி பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் கிரீஸ். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது திருட்டு இல்லைன்னு எனக்கு அடுத்த வருஷமே தெரியும்."

டார்ச் வெளிச்சம் சுவரில் அப்படியே நின்றது.

"தெரியுமா?"

"தெரியும்."

"நீ நம்பித்தான் எழுதுனன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். சின்னப் புத்தி, போகட்டும்னு விட்டேன். தெரிஞ்சுக்கிட்டா என் தங்கச்சி கல்யாணத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?"

ஊசி பள்ளத்தின் விளிம்பில் குனிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "வரிய மாத்திடறேன். ஃபைல்ல அந்த எடம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"மாத்தாத. மாத்துனா நீ எழுதவே இல்லைன்னு ஆயிடும். கீழ கமென்ட் போட எடம் இருக்கில்ல, எழுதுன கையே அங்க எழுதட்டும். இப்பப் போ, மூணாவது மாடில ஆளுங்க காத்துட்டிருக்காங்க."

கூடத்துக்குத் திரும்பி, மெழுகு உருக்கும் விளக்கின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு எழுதினாள். முதலில் பத்து வரி வந்தது; பாதி அவள் பக்கத்து நியாயம். அழித்தாள். மறுபடி எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "மூன்றாவது நிமிஷத்தில் ஓடும் வரியை எழுதியது நான். அது பொய். இசை முழுக்கத் தகரம் போட்டது. பொய் என்று ஒரு வருஷத்திலேயே எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஊசி." மகளும் படிப்பாள் என்பது, பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது.

மகள் சாயங்காலமே கேட்டாள். "அந்த மாமா வந்தா நீ சமையல்கட்டுக்குள்ள போயிடுவியே, இதனாலதானா?"

"இதனாலதான்."

மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அதுவே சுருக்கென்றது.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தில் ஒரு அசைவும் இல்லை. பஸ்ஸில், மாடிப்படியில், பல்லைத் தேய்த்து மெருகேற்றும்போது என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "அந்த நாற்பது டிஸ்க்கில் ஒன்று எனக்கு வந்தது. நானும் பத்துப் பேரிடம் அவனைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன்." அதன் கீழே இன்னும் நாலு பேர்.

அன்று மத்தியானம் தகரம் போன் செய்தான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"பாட்டு நாய் துரத்துன மாதிரி ஓடுது, கேட்டியா?"

"கேட்டேன். நம்ம மெஷின் செகண்டுக்கு அம்பது தடவை திரையப் புதுப்பிக்கும். பிரவுசர் அறுபதுக்கு ஓட்டுது. நீ ஒவ்வொரு தடவைக்கும் பாட்டு ஒரு அடி நகர்ற மாதிரி போட்டிருந்த."

"நான் போட்ட வேகத்துல அது ஓடணும்."

"அந்தம்மாகிட்ட சொல்லி செட்டிங்க மாத்தச் சொல்றேன்."

"சொல்லு. மெதுவா ஓடுனா அந்த வரியும் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அது உன் பாடு."

வைத்துவிட்டான். ஊசி மேசையில் கிடந்த மேல்தாடை வார்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். தளத்து அம்மாவுக்கு எழுதத் தொடங்கினாள்: "வணக்கம். எடுக்க வேண்டாம். வேகத்தை மட்டும் ஐம்பதுக்குக் குறைக்க வேண்டும்." மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.