அழுகையை நிறுத்தி வைத்த ஊர்

கந்தன் சங்கை உதட்டுக்குக் கொண்டுபோன கணத்தில் அறிவுச்செல்வி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவரின் கையை ஒரு பெண் பிடித்து நிறுத்துவதை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. வாசலோரம் பறையை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்தார்கள். பந்தலுக்குக் குழி தோண்டியவர்களின் கடப்பாரை பாதியில் நின்றது.

"ஊதாதீங்கண்ணா. கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

அவளுடைய தாய் குப்பாயி அன்று காலையில்தான் கண்மூடியிருந்தாள். ராசிபுரத்துக்கு மேற்கே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிச் சீவியே இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரிகளாக்கியவள் அவள். இப்போது கூடத்தில், வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டிக்குள், முகத்தில் எந்த வேதனையும் இல்லாமல் கிடந்தாள். அழ வேண்டியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவள் அவளே.

மூன்று நாள் முன்பு, சேலம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில், வாகனம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மகளின் கையைப் பற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: "அவன் அந்த ஆபீசுல பேசி முடிக்கற மட்டும் நான் சாவுலீன்னு வெச்சுக்க சாமி. அவங்காதுக்கு ஒரு சொல்லுப் போவக் கூடாது. போச்சுன்னா எல்லாத்தையும் உட்டுட்டுக் கெளம்பி வந்துருவான்."

அவன் என்றது இளையவன் நிலவனை. வேலை விசாவில் அமெரிக்கா போனவன். நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது வேலை போயிற்று. வேலையோடு விசாவும் போயிற்று. வேறு வேலை தேடக் கொடுத்த தவணை தீர்ந்தபின்னும் அவன் அங்கேயே நின்றுவிட்டான். அந்த நாள் முதல் அவன் ஒரு குற்றமும் செய்யாத குற்றவாளி. ஒரு பெட்ரோல் நிலையத்தில் கணக்கில் இல்லாத ஆளாக வேலை செய்தான். சிவப்பு விளக்கில் ஒரு காவல் வண்டி பக்கத்தில் வந்து நின்றால் மூச்சை அடக்கிக்கொண்டான். அங்கே அவனை மனிதனாகக் கண்டவள் டெனிஸ். அந்நாட்டுக் குடிமகள், கறுப்பினத்தவள், மருத்துவமனைச் செவிலி. இருவரும் மணந்துகொண்டார்கள். கணவனுக்கு வாழ்வுரிமை கேட்டு அவள் விண்ணப்பித்தாள். அந்த விண்ணப்பத்தின் நேர்காணல் அன்றுதான். அங்கே காலை எட்டு மணி. இங்கே மாலை ஐந்தரை.

நேர்காணலுக்கு முன் அவன் அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். பத்து ஆண்டு உள்ளே விடமாட்டார்கள். டெனிசின் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை.

கணவனும் மனைவியும் மெய்யாகவே கணவனும் மனைவியுமா என்று அறிய, தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள் என்று வழக்குரைஞர் சொல்லியிருந்தார். அதற்காக ஞாயிறுதோறும் இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகுவதை, குப்பாயி கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிலில் யார் எந்தப் பக்கம், கடைசியாக எப்போது சண்டை, பல் விளக்கும் பிரஷ் என்ன நிறம். அறிவுச்செல்வி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்கொப்பன் பிரஷ்ஷு என்ன கலருன்னு எனக்கே தெரியாதே. அந்த ஆபீசர் கேட்டா எங்க கண்ணாலமும் செல்லாதுன்னுருவானாட்ட இருக்குது."

இவை எதுவும் ஊருக்குத் தெரியாது. தந்தை மணியன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பகுத்தறிவு மேடைகளின் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். பிள்ளைகளுக்கு அறிவென்றும் நிலவென்றும் பெயர் வைத்தவர். ஆயினும் ஊரார் முன் மகனைப் பற்றிய பெருமையை மட்டும் அவரால் விட முடியவில்லை. பெரிய கம்பெனி, லீவு கொடுப்பதில்லை என்றே ஐந்தாண்டாகச் சொல்லிவந்தார். அக்காள் திருமணத்துக்கும் வராதவன், பெற்றவளை மறந்தவன் என்று ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியது. அதையும் அவர் விழுங்கிக்கொண்டார்.

சங்கை நிறுத்தியவளால் மற்றொன்றை நிறுத்த முடியவில்லை. தாய்மாமன் வெங்கடாசலத்தின் மகன் தனசேகருக்கு ராசிபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை. அத்தை இறந்த செய்தி எட்டிய அரைமணிக்குள் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொண்டுவந்து, தெருமுனையில் கட்டியும் விட்டான். குப்பாயியின் படம், கீழே துயருறும் மகன் நிலவன், அமெரிக்கா. அவன் அறிந்த அன்பு அதுதான். அந்த அன்பிலே பிழை ஏதும் இல்லை. ஆனால் அதே படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தான். அதைப் பார்த்தவர்கள் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அப்போது பின்னிரவு. நிலவன் கண்விழித்துக் கைபேசியைத் தொட்டால் முதலில் தெரிவது அவனுடைய தாயின் முகமாக இருக்கும்.

டெனிசுக்காவது சொல்லி வைக்கலாம் என்று அறிவுச்செல்வி செய்தி எழுதத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது. உன் கணவனின் தாய் உயிரோடு இருக்கிறாரா என்று அதிகாரி கேட்டால்? ஒருத்தி இல்லை என்பாள். ஒருவன் இருக்கிறார் என்பான். அந்த ஒரு சொல்லில் இருவரின் திருமணமும் பொய்யாகிவிடும். இருவரும் பொய் சொல்ல வேண்டாம். இருவரும் அறியாதிருந்தால் போதும். எழுதியதை அழித்தாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் நடுவே போய் நின்றாள்.

"எல்லாருங்கிட்டவும் ஒண்ணு கேக்கோணுங்க" என்று தொடங்கினாள். மகன் அங்கே முறையான காகிதம் இல்லாமல் இருப்பதைச் சொன்னாள். மணம் செய்ததைச் சொன்னாள், யாரை என்பதையும் மறைக்காமல். இன்று மாலைவரை அவனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கிளம்பிவிடுவான், கிளம்பினால் மனைவி ஒரு கரையிலும் அவன் ஒரு கரையிலுமாகப் பத்து வருடம் நிற்க வேண்டும் என்றாள். சங்கு வேண்டாம், பறை வேண்டாம், ஒப்பாரி வேண்டாம், போனில் ஒரு சொல் வேண்டாம் என்று கேட்டாள். கைகள் சேலை முந்தானையைப் பிடித்திருந்தன.

இறந்தவளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச் சேலையை மடியில் வைத்திருந்த வெங்கடாசலம் எழுந்தார்.

"திருட்டுத்தனமா இருக்கறவன் ஒளிஞ்சுக்கறதுக்கு, என்ற அக்கா சத்தமில்லாம போவோணுமாக்கும்? நாயி செத்தாக்கூட நாலு பேரு கத்துவாங்க. ஏம் மச்சான், உன்ற புள்ள சொல்றது நெசமா?"

எல்லாத் தலைகளும் மணியன் பக்கம் திரும்பின. அவர் எழுவதற்கு நேரம் பிடித்தது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நெசந்தானுங்க. எம்மவன் பேப்பர் இல்லாத வண்டி. முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுனேன். பேப்பர் இல்லாதவன் ராத்திரியெல்லாம் எப்படி ஓட்டுவான்னு எனக்குத் தெரியுங்க. இத்தன நாளு உங்ககிட்டப் பொய் சொன்னேன். இன்னைக்குத்தான் செக்போஸ்ட்டத் தாண்டறான்." கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "யாரும் ஆரன் அடிக்காதீங்க."

கூடத்தின் உள்ளிருந்து மாரக்காள் வெளியே வந்தாள். மணியனின் தமக்கை, பனமரத்துப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், அவள் ஒப்பாரி எடுத்தால் வழிப்போக்கரும் நின்று அழுவார்கள் என்று பெயர். காலையிலேயே கிளம்பி வந்து, இன்னும் வாய் திறக்காமல் இருந்தாள்.

"அழுவாம இருந்தா அவனுக்குக் குடுத்துருவாங்களா புள்ள?"

"தெரியாதுங்க அத்தே. அழுதாக் கெடைக்காது."

மாரக்காள் ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கடித்தாள். அடுத்தவளைப் பார்த்து அதற்கடுத்தவள். வாசலில் பறையடிப்பவர்கள் நெருப்பை மிதித்து அணைத்துவிட்டு, பறைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். தனசேகர் தலையில் அடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடிப் பதாகையை அவிழ்த்தான். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியை வெளியே எடுத்தார்கள். தங்கள் ஸ்டேட்டஸை அழித்தார்கள். பகிர்ந்தவர்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, செய்யப்பா, பிறகு சொல்கிறேன் என்றார்கள்.

வெங்கடாசலம் கோடிச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலைவிட்டு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே அறிவுச்செல்வி நினைத்தாள்.

அந்தப் பகலைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடல் சிலிர்க்கும். கோயில் மரியாதை யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போன ஊர் அது. தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத ஊர். கண்ணால் காணாத ஒரு நாட்டில், பெயர் உச்சரிக்க வராத ஒரு பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன் கூட இருக்க வேண்டும் என்று, இருநூறு பேர் துக்கத்தைத் தொண்டையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த அதிகாரியும் அவர்களுக்கு முத்திரை குத்தப் போவதில்லை.

நான்கு மணி சுமாருக்குக் கைபேசி ஒலித்தது. நிலவன். அவள் படம் காட்டாமல் குரலை மட்டும் எடுத்தாள்.

"அக்கா, கெளம்பிட்டோம். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிர்றேன்."

"தூங்கறாங்க சாமி. பயப்படாமப் பேசச் சொன்னாங்க. நல்லபடியா முடியும்னாங்க." அதில் பாதி மெய், குப்பாயி சொன்னவைதாம் அவை.

"எழுப்பேன்." பிறகு ஓர் ஐயம் அவன் குரலில் நுழைந்தது. "ஏக்கா, ஊட்டுல ஒரு சத்தத்தையும் காணோம்?"

சத்தமற்ற கூடம் முழுக்க அவன் குரல் கேட்டது. அப்போது மாரக்காள் வாயிலிருந்த துணியை எடுத்தாள். அண்டை வீட்டுக்கும் கேட்கும் குரலில், பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே, சண்டைக்கு நின்றாள்.

"ஏங் கந்தா, உன்ற கோழி எங்க தொட்டிக்குள்ள உழுந்து கெடக்குது. வந்து எடுத்துட்டுப் போறியா, நான் கொளம்பு வெச்சுக்கட்டுமா?"

கந்தன் ஒரு கணம் விழித்தார். பிறகு பிடித்துக்கொண்டார். "வெய்யி வெய்யி. எலும்ப மட்டும் எனக்குக் குடுத்துரு."

யாரோ சமையலறையில் பாத்திரத்தை உருட்டினார்கள். யாரோ குழாயைத் திறந்து குடத்தை வைத்தார்கள். ஒரு பெண் இல்லாத ஒரு குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாவு வீட்டுக்குள் ஒரு சாதாரண மாலைப்பொழுது எழுந்து நின்றது. மாரக்காளின் கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. குரலில் அது இறங்கவில்லை.

"அத்தையா வந்திருக்கு?" என்று நிலவன் சிரித்தான். "சரிக்கா, அம்மா தூங்கட்டும். வாரேன்."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் மாமனைக் கண்டாள். ஜலகண்டாபுரத்திலிருந்து உறவுப் பெண்கள் பேருந்தில் வந்து இறங்கியிருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு வருவதற்குக் கை ஓங்கியவர்களின் முன்னால் வெங்கடாசலம் கோடிச் சேலையை இரு கைகளிலும் விரித்துக் குறுக்கே பிடித்து நின்றார். என்ன சொன்னாரோ தெரியவில்லை. ஓங்கிய கைகள் இறங்கின. பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து வந்தார்கள். மதியத்திலிருந்து அவர் அங்கேதான் நின்றிருக்கிறார்.

ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. அடக்கம் மறுநாள் காலையில் என்று முடிவாகியிருந்தது. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னர் கைபேசி ஒலித்தது. இம்முறை படத்தோடு எடுத்தாள்.

வெயில் விழும் ஒரு வண்டி நிறுத்துமிடம். நிலவன் கழுத்து டையைத் தளர்த்தியிருந்தான். அவன் தோளில் சாய்ந்து டெனிஸ் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா. சரின்னுட்டாங்க. கிரீன் கார்டு ஊட்டுக்கே வந்துருமாம்." மூச்சுவிடாமல் பேசினான். "தனித்தனியாத்தான் கேட்டாங்க. எங்கிட்ட அம்மா பேரக் கேட்டாங்க. இருக்காங்களான்னாங்க. இருக்காங்கன்னேன். அடுத்த ரூம்புல இவகிட்டவும் அதையே கேட்டிருக்காங்க. இவ என்ன சொன்னாங்கற? ஞாயித்துக்கிழமை தவறாமப் பேசுவோம், ஒரு நாளு அப்பா பிரஷ்ஷு கலரு தெரியலீன்னு சிரிச்சாங்கன்னு சொல்லியிருக்கா. அந்த ஆபீசரம்மாவே சிரிச்சுட்டாங்களாம்."

அறிவுச்செல்வி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்டக் குடுக்கா" என்றான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான். "ஏக்கா, இத்தன பேரு?"

அவள் கைபேசியை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். பெண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். இனி அழலாம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அழவில்லை, அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டாள். கண்ணாடியின் மேல் ஈரம் பனியாகப் படர்ந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி மங்கியது. முந்தானையால் இன்னொரு முறை, நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாகத் துடைத்தாள். பிறகு கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள்.